மகாநாட்டுப் பிரயாணமும் சங்கத்தின் பணமும்

பருவநிலை மாறுதல் பற்றியும் நிலைத்த வளர்ச்சி பற்றியும் இந்நாளில் கூடுகின்ற மகாநாடுகளுக்குக் கணக்கில்லை. 1992ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனிரோ நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் கீழ் 1995இல் பெர்லின் நகரில் முதல் மகாநாடு கூடிற்று. 2025 நவம்பரில் பிரேசில் நாட்டுப் பெலேம் நகரில் கூடியது முப்பதாவது. 2023இல் துபாயில் நடந்த மகாநாட்டுக்கு 80,000 பேருக்கு மேல் வந்து குழுமினர். ஒரு ஜில்லாத் தலைநகரமே பெட்டி படுக்கையுடன் புறப்பட்டுச் சென்றது போன்ற கூட்டம் அது. இவை தவிர, பல்கலைக்கழகங்களும், ஆராய்ச்சி நிலையங்களும், ஏற்றுமதி வியாபாரிகளின் சங்கங்களும், வங்கிகளும் ஆண்டு முழுவதும் சிறிதும் பெரிதுமாகக் கூட்டங்களைக் கூட்டி வருகின்றன. அவற்றின் அழைப்பிதழ்கள் இப்பொழுது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் மேஜைக்கும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் மேஜைக்கும் வந்து சேரத் தொடங்கியிருக்கின்றன.

"போவதா, வேண்டாமா? போனால் சங்கத்துக்கு என்ன பிரயோஜனம்?" என்று அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. தறிக்குழியில் காலை ஊன்றியவரும் வயலில் சேற்றை மிதித்தவரும் சேர்த்து வைத்த பணத்தில் ரயில் ஏறுவதானால், அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நாம் காண்பது என்ன? பிரயாணச் செலவுச் சீட்டு ஒழுங்காகவே இருக்கிறது. தங்கிய விடுதியின் ரசீதும் இருக்கிறது. பிரயாணத்தால் விளைந்தது யாது என்று நடவடிக்கைக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினால், "தலைவர் அவர்கள் மகாநாட்டில் கலந்துகொண்டு திரும்பியது பதிவு செய்யப்பட்டது" என்னும் ஒற்றை வரிதான் கண்ணில் படுகிறது. அவர் அங்கே எதைக் கேட்டார், யாரைக் கண்டார், திரும்பி வந்து எதை மாற்றினார் என்பதற்குச் சான்று ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு புகைப்படம் மட்டும் கூடியிருக்கும். அலமாரியில் ஒரு சணல் பையும் இருக்கும். இதைக் கண்ட சிலர், மகாநாடு என்றாலே வீண் செலவு என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அந்த முடிவை நாம் ஏற்பதற்கில்லை. கிணறு வெட்டியவன் சரியாக வெட்டவில்லை என்பதற்காகக் கிணறே வேண்டாம் என்பார் உண்டோ?

ஏனெனில் விஷயம் நம்முடையது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழையே தருகிறது. 2016இல் அது 100க்கு 62 வீதம் குறைந்து போயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசினர் அறிவித்தனர். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. 2024 டிசம்பரில், கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரைக்காரர் புயலைப் பற்றிக் கவலைப்பட்ட காலம் முன்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்! பயிர் அழிந்தால் பயிர்க் கடன் தவணை தவறுகிறது. அது சங்கத்தின் கணக்கில் ஏறுகிறது. மழை நீர் குழித்தறியில் ஊறினால் தறி நிற்கிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட வெயில் வேண்டும்; வானம் மூடிக் கிடந்தால் பாவு இல்லை, பாவு இல்லையேல் கூலி இல்லை. ஆகவே, வானத்தைப் பற்றிப் பேசுகின்ற சபைகளில் நமது பிரதிநிதி உட்கார்ந்திருப்பது ஆடம்பரமன்று. உட்கார்ந்திருந்து அவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

முதலாவதாக, புறப்படும் முன்னரே பிரதிநிதியின் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். "பருவநிலை மாறுதலைப் பற்றி அறிந்து வருக" என்று அனுப்புவது, "சந்தைக்குப் போய் ஏதேனும் வாங்கி வா" என்று அனுப்புவதற்கு ஒப்பாகும். கேள்வியைத் தேட வெளியே அலைய வேண்டியதில்லை. அது சங்கத்தின் பதிவேடுகளிலேயே உறங்கிக் கிடக்கிறது. இதைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம்.

நெசவாளர் சங்கம் ஒன்றின் உற்பத்திப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். எந்த அங்கத்தினர் எந்தத் தேதியில் எத்தனை உருப்படி ஒப்படைத்தார், என்ன கூலி பெற்றார் என்பது அதில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்த உருப்படிகளை மட்டும் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்தெழுதி, அருகிலுள்ள மழைமானியின் அளவை அதற்குப் பக்கத்தில் குறித்தால், எத்தனை மழைக்கு எத்தனை தறி நின்றது, எத்தனை கூலி போயிற்று என்பது விளங்கிவிடும். கடன் சங்கத்திலும் இவ்வாறே. பயிர்வாரியாகக் கொடுத்த கடனும், தவணை தவறிய கடனும் ஆண்டுதோறும் பதிவாகியுள்ளன. எந்த ஆண்டில் எந்தப் பயிர் எந்த ஊரில் பொய்த்தது என்பதை அந்தப் பேரேடு ஒளிக்காமல் சொல்லும். வானிலை நிலையத்தார் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று கூறுவர். அதனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களால் கூற இயலாது. அது நமது புத்தகத்தில்தான் உண்டு. மகாநாட்டு மேடையில் பேசும் பேராசிரியர்கள் பலர் இத்தகைய கணக்குக்காகவே ஏங்கி நிற்கின்றனர்.

எனவே, நமது பிரதிநிதி வெறுங்கையுடன் கேட்கச் செல்பவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் கணக்கை நான்கு பக்கத்தில் எழுதிக் கையில் கொண்டு போனால், அவர் கொடுக்கச் செல்பவர் ஆகிறார். கொடுப்பவரிடம் பிறர் தாமே வந்து பேசுவர். கட்டுரை வாசிக்க இடம் கேட்டு எழுதினால், மாநில அளவிலான கூட்டங்களில் இடம் கிடைப்பது அரிதன்று. காரியதரிசியும் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரும் சேர்ந்து சில நாள் மாலையில் அமர்ந்தால் முடிகிற வேலை இது.

இத்தகைய கணக்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். குஜராத்தில் 1972ஆம் ஆண்டு முதல் சுயதொழில் புரியும் பெண்களின் சங்கம் இயங்கி வருகிறது. இளா பட் அம்மையார் தோற்றுவித்தது. உப்பளத்திலும் வயலிலும் வீதியிலும் உழைக்கும் பெண்கள், கோடையில் வெப்பம் மிகும் நாட்களில் வேலைக்குச் செல்ல இயலாமல் கூலி இழக்கின்றனர். அந்த இழப்புக்காக 2023இல் அச்சங்கம் ஒரு காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கிற்று. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெப்பம் ஏறினால், யாரும் வந்து சேதத்தை மதிப்பிட வேண்டியதில்லை. வெப்பமானியின் அளவே சாட்சி. பணம் அங்கத்தினரின் கணக்குக்குப் போய்ச் சேரும். முதலில் 21,000 பேர். 2024இல் ஏறத்தாழ 50,000 பேர். மழையினால் குழித்தறி நிற்கும் நாட்களுக்கு இதைப் போல் ஒன்று ஏன் இருக்கலாகாது? இருக்கலாம். ஆனால் காப்புறுதிக்காரர், "எத்தனை மழைக்கு எத்தனை நாள் தறி நிற்கும்?" என்று கேட்பார். அப்பொழுது எடுத்து நீட்டுவதற்கு மேற்சொன்ன நான்கு பக்கம் வேண்டும். நெல்லுக்குச் சம்பா பருவத்தில் 100க்கு ஒன்றரை வீதம் கட்டிப் பயிர்க் காப்பீடு பெறும் வழி 2016 முதல் இருக்கிறது. நின்றுபோன தறியின் கூலிக்கு அப்படிப்பட்ட வழி இல்லை என்பதை நெசவாளர்கள் நன்கு அறிவார்கள்.

அடுத்து, யாரை அனுப்புவது? தலைவர்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விஷயம் சாயத்தைப் பற்றியதானால் சாயப்பட்டறையில் நிற்பவர் போகட்டும். திருப்பூரில் கழிவு நீர் பற்றிய விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை அனைவரும் அறிவர். நொய்யலாற்றின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு மாறாகச் சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாக மாறிய பின்னர் வந்த உத்தரவு அது. உப்பைக் குறைத்துச் சாயமேற்றுவது எப்படி, கழுவிய நீரை மீட்பதற்கு லிட்டருக்கு என்ன செலவு என்று மேடையில் ஒருவர் விளக்கும்போது, சாயத்தொட்டியில் கை நனைத்தவருக்கே எங்கே குறுக்கிட்டுக் கேட்க வேண்டும் என்பது தெரியும். தலைவருக்குக் கைதட்ட மட்டுமே தெரியும். நல்ல தலைவர்களைச் சொல்லவில்லை. இயன்றால் இருவரை அனுப்புதல் நலம்: தொழில் தெரிந்த ஒருவர், எழுதப் படிக்க வல்ல இளைஞர் ஒருவர். கூட்டங்களில் பெரும்பாலும் ஆங்கிலமே வழங்குகிறது என்பது தெரிந்த குறைதான். தமிழ்நாட்டு விவசாயியின் நன்மைக்காகக் கூட்டிய சபையில் அவருக்குப் புரியாத பாஷையில் மட்டும் பேசுவது நாகரிகமன்று என்று அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். பத்துச் சங்கங்கள் எழுதினால் தமிழ்ச் சுருக்கம் தானே அச்சாகும்.

எந்த மகாநாட்டுக்குப் போவது என்பதிலும் விவேகம் வேண்டும். உலக மகாநாட்டுக்குள்ளே போய் உட்காருவதற்கு அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தின் சீட்டு வேண்டும். அதன் பெரும் தீர்மானங்களை வீட்டில் இருந்தபடியே பத்திரிகையில் படித்துக்கொள்ளலாம். 2024இல் பாகு நகரில், வளரும் நாடுகளுக்கென 2035ஆம் ஆண்டுக்குள் ஆண்டொன்றுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவது என்று முடிவு செய்தனர். அதில் ஒரு காசாவது நமது தெருவுக்கு வரும் வழியை அங்கே யாரும் கூறமாட்டார்கள். 2024 நவம்பரில் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி தனது உலக மகாநாட்டைப் புது டெல்லியில் கூட்டிற்று. 1895இல் தோன்றிய அந்த ஸ்தாபனம் இந்தியாவில் அதைக் கூட்டியது அதுவே முதல் தடவை. அது போன்ற அரிய சந்தர்ப்பம் வந்தால் ஒன்றியங்களும் இணையங்களும் செல்லட்டும். தொடக்கச் சங்கத்துக்கு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1956 முதல் கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் போன்ற இடங்களில் நடக்கும் ஒரு நாள் கூட்டமே பத்து மடங்கு பயன் தரும் என்பது நமது அபிப்பிராயம். பஸ் கட்டணத்தில் போய் இருட்டுமுன் திரும்பலாம்.

போன இடத்தில், வரவேற்புரை தொடங்கி நன்றியுரை வரையில் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது கடமை என்று எண்ணுவோர் உளர். மேடைப் பேச்சு அச்சாகி வந்துவிடும். அச்சில் வராதவை தேநீர் வேளையிலும், செய்து காட்டும் இடங்களிலும், சுவரில் ஒட்டிய விளக்கப் படங்களுக்கு முன்னாலும்தான் கிடைக்கும். அங்கே கேட்க வேண்டியவை: இதற்கு என்ன செலவு, அதை யார் ஏற்றார்கள், எத்தனை போகம் நடந்தது, நாங்கள் நேரில் போய்ப் பார்க்க ஒரு ஊர் உண்டா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையானால் மற்ற விடைகளைச் சற்றே குறைத்து மதிப்பிடுவது நல்லது.

நெல் சாகுபடியில் நீர் மறைய நீர் கட்டும் முறையை எடுத்துக்கொள்வோம். எந்த மகாநாட்டிலும் இதைப் பற்றி ஒரு பேச்சாவது இருக்கும். சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள, துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி நீர் கட்டுவது. பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். விளைச்சல் குறைவதில்லை, நீர் 100க்கு 30 வரையில் மிச்சமாகும், தேங்கிய நீரின் அடியில் உண்டாகும் மீத்தேன் வாயு ஏறக்குறையப் பாதியாகும். இவ்வளவும் மெய்யே. ஆனால் அங்கத்தினர் கேட்க வேண்டியது, மிச்சத்தின் பயன் யாருக்கு என்பது. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம்; ஆதலால் நீரை மிச்சம் பிடிப்பவருக்குப் பணம் மிச்சமாவதில்லை. வாய்க்கால் முறைப்பாசனத்தில் இருப்பவர், தம் முறை தவறினால் அடுத்த முறை எப்பொழுது வரும் என்று அறியாதவர். அவர் வயலை உலர விடத் துணிவாரா? கிணற்றில் நீர்மட்டம் கீழே போய்க்கொண்டிருக்கும் ஊர்களில் மட்டும் இதன் பயன் நேரடியாக விவசாயியின் கைக்கு வருகிறது. ஆகவே ஆழ்துளைக் கிணறு வற்றுகின்ற ஊர்ச் சங்கம் இதைக் கேட்டு வந்து, இரண்டு வயலில் செய்து பார்த்து, கணக்கெழுதட்டும். மற்றவர்கள் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தகைய கூட்டங்களின் தாழ்வாரத்தில், மேற்சொன்ன மீத்தேன் மிச்சத்தைக் "கார்பன் வரவு" என்று விற்றுத் தருவதாகக் கூறுவோர் வருவர். ஒரு வரவு என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமானம். ஓர் ஏக்கர் நெல்லில் ஒரு போகத்துக்கு மிச்சமாவது ஒன்றிரண்டு டன்னைத் தாண்டுவது அரிது. அதிலிருந்து அளப்பவர் கூலி, சரிபார்ப்பவர் கூலி, தரகு எல்லாம் கழிய வேண்டும். அயல்நாட்டு நிலவரம் தெரிந்துகொள்ள விரும்புவோர்க்கு: சீனாவில் இவ்வாறு பதிவான நெல் வயல் திட்டங்கள் 37ஐ, வரவுகளைப் பதிவு செய்யும் வெர்ரா என்னும் ஸ்தாபனமே 2024இல் செல்லாது என்று தள்ளிவிட்டது. இத்துறை முழுவதும் பொய் என்று நாம் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு உரிமை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, சங்கத்தின் பெயரால் யாரும் கையொப்பமிடலாகாது என்றே சொல்கிறோம். பத்திரத்தின் நகலை வாங்கி வாருங்கள். நிர்வாகக் குழுவும், வேண்டுமானால் வக்கீலும் படிக்கட்டும். பின்னர் பேரவை தீர்மானிக்கட்டும்.

கைத்தறிக்கு வேறொரு செய்தி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, ஒவ்வொரு பொருளும் எதிலிருந்து எவ்வாறு உண்டாயிற்று என்ற விவரம் அடங்கிய மின்னணுக் கடவுச்சீட்டுடன் வர வேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு வழி செய்கிறது. முதலில் கவனிக்க வேண்டியவற்றுள் ஜவுளியும் ஒன்று. தனி வியாபாரிக்கு இது தலைவலி. நமது சங்கங்களோ, எந்த ஆலை நூல், எந்தத் தேதிச் சாயம், எந்த அங்கத்தினர் தறி என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதி வருபவை. தறியை ஓட்ட மின்சாரமும் வேண்டியதில்லை. ஏற்றுமதி செய்யும் சங்கங்கள் இதைக் கேட்டறிவதற்காகவே ஒரு கூட்டத்துக்குப் போய் வரலாம். கேட்டறிந்து வந்து, பதிவேட்டில் விட்டுப்போன கட்டங்களை இப்பொழுதிருந்தே நிரப்பத் தொடங்கலாம்.

திரும்பி வந்த பின்னர் நடக்க வேண்டியதே முக்கியமானது. அதுவே பெரும்பாலும் நடப்பதில்லை. சந்தித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் கடிதம் எழுத வேண்டும். ஒரு மாதம் சென்றால் அவர்கள் முகத்தையும் மறந்துவிடுவர், ஊரையும் மறந்துவிடுவர். பதினைந்து நாட்களுக்குள் ஒரு பக்க அறிக்கை நிர்வாகக் குழுவின் முன் வர வேண்டும். கேட்டவை எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டாம். நாம் செய்து பார்க்கக்கூடிய ஒன்று, அதன் செலவு, அதைச் செய்ய ஒப்புக்கொண்ட அங்கத்தினர் யார், பயனை என்று பார்ப்பது என்பவை போதும். அறிக்கையைச் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். பிறகு ஒரு மாலை வேளையில் தெருவில் பாய் விரித்து, போய் வந்தவரே வாயால் சொல்லட்டும். குறுக்குக் கேள்வி கேட்பதில் நெசவாளர் தெருவை மிஞ்சிய மகாநாடு எங்கும் இல்லை. அங்கே தேறிய யோசனை எங்கும் தேறும். அறிக்கை வராதவரையில் பிரயாணச் செலவில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம் என்பது நமது யோசனை. கடுமையாகத் தோன்றலாம். கடன் வாங்கிய அங்கத்தினரிடம் சங்கம் காட்டும் கடுமையை விட இது அதிகமன்று.

செலவுக்கு வழி என்ன? 1844இல் ராச்டேல் நகரில் கூடிக் கடை திறந்த நெசவாளர்களும் தொழிலாளர்களும் பிற்பாடு தமது உபரியில் 100க்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினர். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் நிகர லாபத்தில் ஒரு பங்கு கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்ல வேண்டும் என்கிறது. 1995இல் மான்செஸ்டரில் சர்வதேசக் கூட்டணி வகுத்த ஏழு கொள்கைகளில் ஐந்தாவது கல்வியும் பயிற்சியும். ஏழாவது, தம் சமூகத்தின் நிலைத்த வளர்ச்சிக்கு உழைப்பது. ஆகவே இத்தகைய செலவு கூட்டுறவுக்குப் புறம்பானதன்று. ஆண்டுத் தொடக்கத்திலேயே வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தொகையைப் பேரவையின் ஒப்புதலுடன் குறித்துவிட்டால், அழைப்பிதழ் வரும்போதெல்லாம் சண்டை வராது. சிறு சங்கங்கள் நான்கைந்து சேர்ந்து ஒருவரை அனுப்பிச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதும் உசிதமே.

இறுதியாக ஒரு விஷயம். 2019-20இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி இத்தொழிலில் உள்ளவர்களில் 100க்கு 70க்கு மேல் பெண்கள். ராட்டையில் தார் சுற்றுவதும், பாவுக்கு முன்வேலைகள் செய்வதும், வெயிலில் நாற்று நடுவதும் அவர்களே. எந்த மாதத்தில் நூல் ஈரம் ஏறி அறுகிறது, எந்தக் கிணறு எப்பொழுது வற்றுகிறது என்று அவர்களைக் கேட்டால் நாள் நட்சத்திரத்துடன் சொல்வார்கள். நாம் பார்த்த பிரயாணச் சீட்டுகளில் ஒரு பெண் அங்கத்தினரின் பெயரைக் காண்பது மிக அரிதாக இருக்கிறது. அடுத்த அழைப்பிதழ் வரும்போது அவர்களுள் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். தனியே போகத் தயங்கினால் துணைக்கு இன்னொரு பெண் அங்கத்தினரும் சென்று வரட்டும். பேரவை ஒப்புக்கொண்ட தொகைக்குள் அமைந்திருக்குமானால், அந்த இரண்டாவது ரயில் சீட்டைத் தணிக்கையில் நாம் ஆட்சேபிக்கப் போவதில்லை.